மரக்காணம்: புதுச்சேரியை எட்டாத கால்வாயின் கடைசித் துறை

புதுச்சேரி லாஸ்பேட்டைக்கு அருகில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே சுமார் 35 கி.மீ. சென்றால், சாலையின் இருபுறமும் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள் விரியும். அதுதான் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தின் இச்சிற்றூரை இன்று சென்னைப் பேருந்துகள் சில நிமிடங்களில் கடந்து விடுகின்றன. ஆனால் ஏறத்தாழ 420 கி.மீ. நீளமுள்ள பக்கிங்காம் கால்வாயின் தென்கோடித் துறை இதுவே. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து கடலோரமாகவே வெட்டப்பட்டு வந்த நீர்வழி இங்கு வந்து முடிந்தது. புதுச்சேரிக்கு இன்னும் ஒரு நாள் பயணத் தொலைவுதான் மீதி இருந்தது.

புதுவையில் பிறந்த பாரதிதாசன் (1891-1964) 1930களில் நண்பர்களுடன் சென்னையிலிருந்து இக்கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் சென்றார். அப்பயணமே ‘மாவலிபுரச் செலவு’ என்னும் கவிதையாயிற்று. சென்னையில் தொடங்கும் வாய்க்கால் புதுச்சேரி வரை நீள்வதாக அக்கவிதை சொல்கிறது. கவிஞரின் மனத்தில் அது தம் ஊர் வரை வந்த வாய்க்கால். மண்ணில் அது மரக்காணத்தோடு நின்றுவிட்டது. அது அங்கே நின்றதற்குப் பின்னால் உப்பு, பஞ்சம், இரயில், இரண்டு அரசுகளின் எல்லை என்று ஒரு வரலாறு இருக்கிறது.

பழைய பட்டினம்

மரக்காணத்தைத் துறையாக்கியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். அவர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அது துறையாக இருந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். நல்லூர் நத்தத்தனார் பாடிய இந்நூலில் அவன் நாட்டு ஊர்களாக எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் ஆகியவை வருகின்றன. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. கடற்கரை ஊரான எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர்.

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கப் பயண நூல் தமிழகத்தின் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளை அடுத்தடுத்துக் கூறுகிறது. பொதுகே என்பது புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு. அதற்கு வடக்கே உள்ள சோபட்மாவை மரக்காணத்தோடு இணைத்துக் காண்போர் உண்டு. ‘சோ’ என்றாலும் ‘எயில்’ என்றாலும் தமிழில் மதில் என்றே பொருள். ஆகவே சோப்பட்டினமும் எயிற்பட்டினமும் ஒரே ஊரின் இரு பெயர்கள் என்பது அவர்கள் வாதம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2005-06இல் இங்கு அகழாய்வு நடத்தியது.

அரிக்கமேட்டுக்கும் மரக்காணத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் கடலை நேரே பார்த்து நின்ற துறைகள் அல்ல. ஒன்று ஆற்றின் கரையில், மற்றொன்று உப்பங்கழியின் கரையில் அமைந்தது. சோழமண்டலக் கரையில் அலை அடிப்பது கடுமை, இயற்கைத் துறைமுகமோ அரிது. ஆகவே ஆறும் கழியும் கடலில் சேரும் இடங்களில் சற்று உள்வாங்கிப் படகுகளை நிறுத்துவதே இக்கரையின் பழைய வழக்கம். பிற்காலத்தில் வெட்டப்பட்ட கால்வாயும் இந்தக் கழிகளைத்தான் ஒன்றோடொன்று கோத்தது.

பேரளம் என்ற பெயர்

மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் முதலாம் இராசராசன் பெயரால் இவ்வூர் ‘இராசராசப் பேரளம்’ என்று குறிக்கப்படுகிறது. ‘அளம்’ என்றால் உப்பு விளையும் நிலம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊரின் பெயரில் உப்பு ஏறிவிட்டது. மன்னன் தன் பெயரை ஓர் உப்பளத்துக்குச் சூட்டினான் என்றால், அந்த அளத்தின் வருவாய் எத்தகையது என்பதை ஊகிக்கலாம்.

மரக்காணம் என்னும் பெயருக்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கோயிலில் அளப்பதற்கு வைத்திருந்த மரக்காலைக் காணோம். ‘மரக்கால் காணோம்’ என்பதே மரக்காணம் ஆயிற்று என்பார்கள். சொல்லாராய்ச்சியில் இது நிற்காது. ஆயினும் அளந்து விற்கும் பொருளை நம்பி வாழ்ந்த ஊருக்கு, அளவுப் படி தொலைந்த கதை பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கால்வாய் வந்த கதை

சென்னை மாகாணத்தில் உப்பு வணிகத்தை 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1806இல், பேசில் கோக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாயை வெட்டி முடித்தார். அப்போது அதற்குக் கோக்ரேன் கால்வாய் என்றே பெயர். படகுகளிடம் சுங்கம் வசூலிக்கும் உரிமை அவரிடம் இருந்தது. 1837இல் அரசு கால்வாயைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வடக்கே துர்க்கராயப்பட்டினம், கிருஷ்ணபட்டினம் என நீட்டியது. 1857இல் தெற்குப் பகுதியின் வேலை தொடங்கி, அடையாற்றிலிருந்து பாலாறு நோக்கி நகர்ந்தது.

வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் சென்னை நகருக்குள் ஒன்று சேராமலே இருந்தன. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கி.மீ. வெட்ட வேண்டியிருந்தது. அந்தத் துண்டை வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள். 1876-78இல் தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில், உணவுக்காகக் கூலிவேலை தேடி நகருக்கு வந்த மக்களைப் பஞ்ச நிவாரணப் பணியாக இக்கால்வாயில் இறக்கினர். வேலை முடிந்ததும் 1878இல் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் வைக்கப்பட்டது. மண் சுமந்த பல்லாயிரவரின் பெயரில் ஒன்றுகூட அங்கு இல்லை.

தெற்குக் கால்வாய் 1882இல் மரக்காணத்தைத் தொட்டது. அடையாற்றிலிருந்து இங்கு வரை சுமார் 110 கி.மீ. கோவளம், முட்டுக்காடு, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகத்துவாரம், இடைக்கழிநாடு என்று கடலோர ஊர்களை ஒட்டியே வந்து சேர்ந்தது.

கால்வாய் இயங்கிய விதம்

பக்கிங்காம் கால்வாய் பாசனக் கால்வாய் அன்று. இதில் ஓடியது உப்பு நீர். கடலுக்கு இணையாக, பெரும்பாலும் கரையிலிருந்து ஓரிரு கி.மீ. தூரத்துக்குள் ஓடும் இது, ஆற்று முகத்துவாரங்கள் வழியாகவும் கழிகள் வழியாகவும் கடலின் ஏற்றவற்றத்தால் நீர் பெற்றது. கடல் ஏறும்போது நீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியேறும். அப்படி வெளியேறிக் கால்வாய் வறண்டுவிடாதபடி ஆறுகளைக் கடக்கும் இடங்களில் கதவு வைத்த மதகுகள் கட்டப்பட்டன. இரு கதவுகளுக்கு இடையே படகை நிறுத்தி, நீர்மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ மறுபக்கம் அனுப்புவார்கள். ‘லாக்கு’ என்று மக்கள் வழங்கிய இந்த மதகுகளில் படகுகள் ஏற்றத்துக்காக மணிக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு.

படகுகள் அகன்று தட்டையான அடிப்பகுதி கொண்டவை. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஒருவர் படகிலிருந்து நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார். மற்றவர் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார். கால்வாய்க் கரை நெடுகிலும் இதற்கென்று நடைபாதை இருந்தது. மாமல்லபுரம் சென்ற பாரதிதாசன் நிலவையும் நீரையும் பாடியதோடு நிற்கவில்லை. தோணியை இழுத்தவர்களின் உழைப்பையும் அவர் கண் பார்த்தது.

மரக்காணத்திலிருந்து சென்னைக்கு உப்பு போயிற்று. வழியில் சவுக்கு விறகும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் ஏறின. சென்னை நகரின் அடுப்புக்கு விறகும், சுவருக்குச் சுண்ணாம்பும், உலைக்கு உப்பும் இந்தத் தண்ணீரில் மிதந்து வந்தவை. சென்னையில் படகுகள் தங்கிச் சரக்கிறக்கிய நீர்த்தேக்கத்தின் நினைவாகவே பேசின் பாலம் இன்றும் அப்பெயரில் வழங்குகிறது.

எல்லையும் இரயிலும்

1882இல் மரக்காணத்தை அடைந்த கால்வாய்க்குத் தெற்கே என்ன இருந்தது? முதலில் கழுவெளி என்னும் பெரிய உப்பங்கழி. அதையும் தாண்டினால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி.

புதுச்சேரிக்கும் உப்புக்கும் தனிக் கணக்கு உண்டு. நெப்போலியன் காலப் போர்கள் முடிந்து புதுச்சேரியைப் பிரான்சு திரும்பப் பெற்றபோது, 1815இல் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பைப் பொறுத்து ஆங்கிலேயருக்குத் தனியுரிமை கிடைத்தது. ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய். 1818இல் மற்றோர் உடன்பாட்டின்படி பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டு, அளங்களின் உடைமையாளர்களுக்கு இழப்பீடு பேசப்பட்டது. அந்தக் கணக்கில் மரக்காணத்து அளம் ஓர் அரசின் கருவூலம். சில காதம் தெற்கே அதே கடல், அதே வெயில் இருந்தும் உப்பு விளைவிக்கத் தடை. கால்வாயின் முதன்மைச் சரக்கான உப்பை ஏற்ற, மரக்காணத்துக்குத் தெற்கே செல்ல வேண்டிய தேவை கால்வாய்க்கு இல்லை.

சரக்குப் போக்குவரத்திலும் காலம் மாறிவிட்டது. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகத் தெற்கே செல்லும் இருப்புப்பாதை 1870களில் போடப்பட்டது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை 1879இல் திறக்கப்பட்டது. கால்வாய் மரக்காணத்துக்கு வந்துசேர்வதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இரயில் புதுச்சேரிக்கு வந்துவிட்டது. ஏற்றத்துக்காகக் காத்திருக்கும் படகு எங்கே, மணி பார்த்துப் புறப்படும் வண்டி எங்கே? இதற்குப் பிறகு கழுவெளியை வெட்டிப் புதுவைக்கு நீர்வழி காணும் அவசரம் எவருக்கும் இருக்க நியாயமில்லை.

புதுச்சேரியின் கடல் வணிகமும் படகை நம்பியதுதான். அங்கே கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஆழ்கடலில் நங்கூரமிட, சலங்கு என்ற தையல் படகுகள் அலை மேல் ஏறிச் சரக்கைக் கொண்டுவந்தன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அடிக்கடி வரும் காட்சி இது. 1866இல் இரும்புப் பாலம் கட்டிய பிறகே நிலை சற்று மாறியது. அந்தப் பாலம் 1952 புயலில் அழிந்தது. வடக்கிலிருந்து அமைதியான நீர்வழி ஒன்று நகரின் வாசலுக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வரலாற்றில் விடையில்லாத கேள்வி.

ஆலம்பரை: கழிக்கரையில் ஒரு பிரெஞ்சு நினைவு

மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்து உப்பங்கழியின் கரையில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் இது துறைமுகமாகவும் நாணயச் சாலையாகவும் விளங்கியது. 1750இல் முசாபர் சங் இதைத் துய்ப்ளேக்கு அளித்தார். தம்மைத் தக்காணத்தின் சுபேதார் ஆக்கத் துணை நின்றதற்கான கைம்மாறு அது. புதுச்சேரிக்கு வடக்கே கழியோரம் ஒரு காவல் துறை பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது. அது பத்தாண்டுகளே நிலைத்தது. 1760இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தனர். அடுத்த ஆண்டு புதுச்சேரியும் வீழ்ந்து தரைமட்டமானது.

புதுச்சேரி மீண்டும் கட்டப்பட்டது. மீட்டெழுந்த நகரின் ஆளுநர்களுள் ஒருவரான லா தெ லொரிஸ்தோனின் பெயரையே லாஸ்பேட்டை தாங்கி நிற்பதாகச் சொல்வர். ஆலம்பரையை யாரும் மீண்டும் கட்டவில்லை. 2004 ஆழிப்பேரலையும் அதன் சுவர்களைச் சிதைத்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட அந்த மதிலின் மேல் நின்றால் ஒருபுறம் கழி, அதற்கப்பால் மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல் என்று மூன்று நிறங்கள் அடுக்காய்த் தெரியும். சிறு துறைகள் ஏன் கழியை நாடின என்பதை எந்தப் புத்தகத்தைவிடவும் அந்தக் காட்சி தெளிவாகச் சொல்லும்.

படகு நின்ற பிறகு

இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் கால்வாய் உயிரோடுதான் இருந்தது. 1960-61இல் கூட ஆயிரத்துக்கு மேற்பட்ட படகுகள் இரண்டு இலட்சம் டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றின. 1965-66, 1976 ஆண்டுகளின் புயல்கள் கரைகளையும் மதகுகளையும் உடைத்தன. பழுது பார்க்கச் செலவிடுவதைவிட லாரி மலிவாயிருந்தது. படகுகள் கரையேறின. சென்னை நகருக்குள் கால்வாய் சாக்கடையாயிற்று. அதன் படுகையிலேயே பறக்கும் இரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டன.

2004 டிசம்பர் 26 அன்று கால்வாய் எதிர்பாராத ஒரு வேலையைச் செய்தது. பல இடங்களில் ஊருக்குள் பாய வேண்டிய பேரலையின் நீரைக் கால்வாய் வாங்கிக்கொண்டு வடித்தது. படகுக்காக வெட்டிய பள்ளம் கரையோர மக்களுக்கு அகழியாக நின்றது.

2008 நவம்பரில் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்களும் கோதாவரி, கிருஷ்ணா ஆற்றுப் பகுதிகளும் சேர்ந்து தேசிய நீர்வழி 4 என்று அறிவிக்கப்பட்டன. இத்திட்டத்தில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கழுவெளி வழியாக 22 கி.மீ. சேர்க்கப்பட்டது. 1882இல் நின்றுபோன வேலை ஏட்டளவில் தொடர்ந்தது.

ஆனால் கழுவெளி இப்போது வெறும் இடைவெளியாகக் கருதப்படுவதில்லை. தமிழ்நாட்டில் பழவேற்காட்டை அடுத்த பெரிய உவர்நீர் ஈரநிலம் அது. மழைக்காலத்தில் சுற்றுவட்ட ஏரிகளின் உபரிநீர் அங்கு வந்து சேர்ந்து, ஓடை வழியாக மரக்காணம் அருகே கடலில் கலக்கிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அந்த ஆழமற்ற நீரில் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் இரை தேடுகின்றன. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 5,151.6 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. ஆழமில்லாமைதான் கழுவெளியின் உயிர். படகுக்கு வேண்டியதோ ஆழம். மிச்சமிருக்கும் 22 கி.மீ. தூரத்தை வெட்டுவதா, விடுவதா என்னும் கேள்விக்கு முன்பு எல்லையும் இரயிலும் பதில் சொல்லின. இனி அதைச் சொல்ல வேண்டியவை பறவைகளும் அவற்றைக் காக்க முன்வந்த அரசும்தான்.

இன்று காண வேண்டியவை

மரக்காணத்தைக் காண ஏற்ற காலம் பொங்கலுக்குப் பின் கோடை வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அளங்கள் மூழ்கிக் கிடக்கும். மழை ஓய்ந்ததும் பாத்திகளை மிதித்துச் சீராக்கி, கழியிலிருந்தும் கால்வாயிலிருந்தும் உவர்நீரை ஏற்றி, பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் இறுக விடுவார்கள். உப்பு பூத்ததும் நீண்ட கைப்பிடியுள்ள மரப்பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். வெயில் ஏறும் முன் வேலையை முடிக்க விடியற்காலையிலேயே ஆட்கள் இறங்கிவிடுவர். சுமையில் பெரும்பங்கு பெண்களின் தலையில்தான். பல ஆயிரம் ஏக்கரில் விரியும் இந்த வேலை மழைக்காலம் வந்தால் நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும்.

படமெடுக்க நிற்போர் ஒன்றை நினைவில் கொள்ளலாம். வரப்பில் மிதிபட்டு மண் சரிந்தால் பாத்தியின் உப்பு அழுக்காகும். கேட்டுக்கொண்டு நடப்பதே முறை.

காலையில் அளங்களையும் கால்வாயையும் பார்த்துவிட்டு, பூமீசுவரர் கோயிலில் கல்வெட்டு வரிகளின் மேல் கண்ணோட்டி, பிற்பகலில் ஆலம்பரை சென்று திரும்பினால் ஒரே நாளில் எயிற்பட்டினம், பேரளம், பிரெஞ்சுத் துறை, ஆங்கிலேயர் கால்வாய் என்று ஈராயிரம் ஆண்டுகளைக் கண்டுவிடலாம். வரலாறு படிக்கும் மாணவர்கள் மறுநாள் அரிக்கமேட்டுக்கும் சென்றால், பெரிப்ளூஸ் கூறும் அடுத்தடுத்த இரு துறைகளை ஒப்பிட்டுப் பார்த்த பயன் கிட்டும்.

மரக்காணத்தில் கால்வாயைத் தேடிப் போகிறவர்கள் பெரிய படித்துறையையோ பண்டகசாலையையோ எதிர்பார்க்க வேண்டாம். புல் மண்டிய கரை, அசையாத நீர், அதில் வலை வீசும் ஓரிருவர், அவ்வளவே. ஆனால் கால்வாய் செத்துவிடவில்லை. ஏற்றத்தின்போது கடல் இன்றும் கழி வழியே உள்ளே வருகிறது. அந்த நீர்தான் பாத்திகளில் ஏறி உப்பாகிறது. முன்பு உப்பைச் சுமந்து சென்ற நீர், இப்போது உப்பாகவே ஆகி, சாலையில் நிற்கும் லாரியில் ஏறிப் போகிறது.